நாலு பைப்பு உள்ளே போன கதை

"ஏனுங்க அம்மணி, பைப்போட அளவு சரியா இருக்குது. இடத்தோட அளவும் சரியா இருக்குது. அப்புறம் ஏன் உள்ள போக மாட்டேங்குது?"

வாணி ஒரு ஸ்கூட்டர் சைலன்சரை மடியில் வைத்து நெளிவு எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தனை வாட்டி பாத்தீங்க?"

"அஞ்சு வாட்டி."

"எதைப் பாத்தீங்க?"

"அளவைத்தான்."

"அளவு சரியாத்தானுங்க சார் இருக்கும். நீங்க போட்ட அளவு எப்பத் தப்பாச்சு?"

சொல்லிவிட்டு மறுபடி சுத்தியலை எடுத்தாள். பதில் முடிந்தது.

இது பாராட்டா குத்தலா என்று வெங்கிடுபதிக்குப் பிடிபடவில்லை. எட்டு மாதமாக அவருக்கு இதே பாடுதான்.

*

குருவுக்கு வயது முப்பத்தேழு. சிஷ்யருக்கு ஐம்பத்தொன்பது. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். வெல்டிங் தெரிந்தவர் குரு, தெரியாதவர் சிஷ்யர், அவ்வளவுதான் கணக்கு.

கோயமுத்தூர் கணபதியில் ஒரு பவுண்டரிச் சந்து. சந்தின் கடைசியில் தகரக் கொட்டகை. 'வாணி சைலன்சர் ஒர்க்ஸ்' என்று போர்டு. அவள் முழுப் பெயர் கோகிலவாணி. போர்டில் இடம் போதாமல் பாதிதான் ஏறியது.

வெங்கிடுபதி பம்பு கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் போட்டவர். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவர் அளந்து போட்ட பிறகு ஆற்றையும் ஒருமுறை அளந்து பார்ப்பார்.

ரிட்டயர் ஆன மறு மாதம் அவர் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து இறங்கியது. முழுசாக அல்ல, பெட்டி பெட்டியாக. கிட் கார் என்பார்கள். கம்பெனிக்காரன் உதிரி உதிரியாக அனுப்பிவிடுவான், வாங்கியவர் உட்கார்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ரெண்டே சீட்டு. தரையோடு தரையாகப் பதுங்கிய வண்டி.

அதில் கம்பெனி சொன்ன சின்ன எஞ்சினை வைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. வெங்கிடுபதி பெரிய எஞ்சினை வைத்தார். ஆசை யாரை விட்டது. எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதற்கும் பக்கத்து இரும்புச் சட்டத்துக்கும் நடுவே கை நுழைவதே பெரும்பாடு என்றாகிவிட்டது.

பெரிய எஞ்சினுக்கு ஏற்ற ஹெட்டர் கடையில் கிடைக்காது. எஞ்சினின் நாலு வாயிலிருந்து வரும் புகை நாலு பைப்பில் இறங்கி, கீழே ஒரே வாயில் சேர வேண்டும். நாலும் சேர்ந்த அந்த ஒரே உருப்படிக்குத்தான் ஹெட்டர் என்று பெயர். அதை என் கையாலேயே செய்வேன் என்று சொல்லித்தான் வெங்கிடுபதி வெல்டிங் கற்றுக்கொள்ள வாணியிடம் வந்தார்.

முதல் மாதம் அவள் வெல்டிங் கம்பியையே கண்ணில் காட்டவில்லை. சாக்பீஸைக் கொடுத்துத் தகரத்தில் கோடு இழுக்கச் சொன்னாள்.

"நான் முப்பத்திரண்டு வருஷம் கோடு இழுத்தவனுங்க அம்மணி."

"அது ஸ்கேலு வெச்சு இழுத்ததுங்க சார்."

இழுத்தார். கோடு பல்லிளித்தது. வாயை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தார்.

நாலு பைப்பையும் வளைத்து, அறுத்து, ஒட்டி முடிக்க நாலு மாதம் ஆனது. கடைசி ஒட்டு, மூன்றாவது பைப்பும் நாலாவதும் சேருகிற இடம். அதை ஒட்டி முடித்த அன்று வாணி முகமூடியைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். "ம்" என்றாள். எட்டு மாதத்தில் அவர் வாங்கிய பாராட்டு அந்த ஒரு 'ம்'தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவி லோகநாயகியிடம் அதை மூன்று முறை சொன்னார்.

அந்த ஹெட்டர்தான் இப்போது உள்ளே போக மாட்டேன் என்கிறது.

*

வண்டியை வாணியின் கொட்டகைக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஹெட்டரை மேலிருந்து விட்டுப் பார்த்தார். ஸ்டியரிங் ராடு தடுத்தது. ராடைக் கழற்றி வைத்துவிட்டு விட்டார். இப்போது நாலாவது பைப்பின் முட்டி சட்டத்தில் இடித்தது.

கீழே படுத்துக்கொண்டு கீழிருந்து ஏற்றினார். பாதி தூரம் ஏறி, ரெண்டு நூல் இடைவெளி பற்றாமல் நின்றுவிட்டது.

சாய்த்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நெற்றியில் கிரீஸும் முழங்கையில் சிராய்ப்பும் மிச்சம்.

"மனமுண்டானா இடமுண்டுன்னு சொல்லுவாங்க" என்றார் வண்டிக்கு அடியிலிருந்து.

"இடம் இருக்குதுன்னு நீங்களே சொன்னீங்களே" என்றாள் வாணி.

அப்போது அவர் போன் அடித்தது. லோகநாயகி.

வெங்கிடுபதி வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, கொட்டகை வாசலுக்குப் போய் நின்று பேசினார். வாணி இரும்பு அறுக்கும் கிரைண்டரைப் போட்டிருந்தாள். அவள் காதில் எதுவும் விழுந்திருக்காது.

"நான் அவளுக்கு என்னன்னுங்க சொல்லட்டும்?"

"வரச் சொல்லு. வர வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? அவ ரூமு அப்படியே இருக்குது. மெத்தை புதுசு போட்டிருக்கறேன். ஃபேனு மாத்தியாச்சு. தாராளமா வரட்டும்."

"ரெண்டு பேருமாங்க?"

"அவ வரட்டும்னு சொன்னேன்."

"அஞ்சே முக்காலுக்கு ரயிலுங்க."

போனை வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். ஒரே மகள் தாரிணி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தன்னோடு வேலை பார்த்த ஜோயலைக் கல்யாணம் செய்துகொண்டாள். அப்பாவிடம் மூன்று வருஷம் கேட்டுப் பார்த்து, அவர் அசையாமல் போன பிறகுதான் செய்துகொண்டாள். வெங்கிடுபதி கல்யாணத்துக்குப் போகவில்லை. ஜோயல் என்ற பெயர் அவர் வாயில் வராது. பேச்சு வந்தால் 'அந்தப் பையன்' என்பார், அத்தோடு சரி.

இப்போது தாரிணிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் வழக்கம், அவளுக்கும் ஆசை. ஒரு சிநேகிதி வீட்டு விசேஷத்துக்கென்று ரெண்டு பேரும் பெங்களூரிலிருந்து வந்து, ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தார்கள். இன்று பெங்களூர் திரும்பினால் மறுபடி பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அப்பா ரெண்டு பேரையும் கூப்பிட்டால் இங்கேயே தங்குவது. கூப்பிடாவிட்டால் சாயங்கால ரயிலைப் பிடித்துப் போய், அங்கேயே பெற்றுக்கொள்வது. ஜோயலைத் தனியே விட்டுவிட்டு வர மாட்டேன் என்று தாரிணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அப்பன் மகள்தானே, பிடிவாதத்துக்கு வெளியூர் போக வேண்டுமா?

வெங்கிடுபதிக்கு மகளைப் பார்க்க வேண்டும் என்று தொண்டை வரை ஆசை இருந்தது. கார்ப் பெட்டியைப் பிரித்த நாளில் ரெண்டாவது சீட்டில் அவர் யாரை நினைத்தார் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயசில் அவர் ஸ்கூட்டரைப் பிரித்துப்போட்டால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவள்தான்.

'நான் இடம் வெச்சிருக்கறேன். வராதது அவ' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரெண்டு வருஷமாகச் சொல்லிக்கொள்வதுதான்.

மணி ஒன்றே கால்.

*

உள்ளே வந்தபோது வாணி இடது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், இதை அளந்து சொல்லுங்க."

அவள் கையில் ஒற்றை வளையல். ஒரு கார் சைலன்சருக்கு வாங்கிய எவர்சில்வர் பைப்பு மிச்சப்பட, அதிலிருந்து மோதிர அகலம் அறுத்து, அரத்தில் தேய்த்து, அவளே செய்துகொண்டது. நல்ல கனம்.

அளக்கச் சொன்னால் வெங்கிடுபதிக்குக் கசக்குமா? சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். வளையலின் உள்வாயை அளந்தார்.

"அறுபது மில்லி."

"மணிக்கட்டு?"

"அம்பத்திரண்டு. நல்லா இடம் இருக்குது."

"இங்க?" விரல் முட்டிகளைக் காட்டினாள்.

"எழுபத்தி நாலு."

"அறுபதுக்குள்ள எழுபத்தி நாலு போகுமா?"

"போகாது."

"போயிருக்குதே."

"அறுத்துப்போட்டுக் கையில வெச்சு ஒட்டியிருப்பீங்க."

"ஒட்டைக் காட்டுங்க."

வளையலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். ஒட்டு இல்லை. முழு வளையம்.

வாணி கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். கையைத் தொங்கப்போட்டாள். முட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. வளையல் மெதுவாகக் கழன்று அவர் கையில் விழுந்தது.

"எது மாறுச்சுங்க?"

"கை."

"வளையலு?"

"அப்படியே இருக்குது."

வாணி வளையலை வாங்கி, அதே மாதிரி ஏற்றிக்கொண்டு, ஸ்கூட்டர் சைலன்சரிடம் போய்விட்டாள்.

வெங்கிடுபதி தன் டிராயிங்கை விரித்தார். மூன்று பக்கமும் பார்த்து வரைந்த டிராயிங். ஹெட்டர் எஞ்சினோடு பொருந்தி, சட்டத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எந்தப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி.

வாணி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பைப்பு எங்க இருக்குது?"

"உள்ள."

"எப்படி வந்துச்சு?"

வெங்கிடுபதி தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே என்ன இருக்கப்போகிறது? வெறும் வெள்ளை. முப்பத்திரண்டு வருஷ டிராயிங்காரர் பைப்பு வந்து உட்கார்ந்ததை வரைந்திருந்தார். வருவதை வரைய மறந்திருந்தார்.

"அட" என்றார். "இருக்க இடம் விட்டிருக்கறேன். வர வழி விடல."



*

புத்திசாலிகளுக்கு ஒரு வியாதி உண்டு. பாதி புரிந்தவுடன் எழுந்து ஓடுவார்கள். வெங்கிடுபதியும் ஓடினார்.

"அப்ப ஒண்ணே ஒண்ணுதானுங்க அம்மணி. அறுத்துரலாம். நாலாவது பைப்பைத் தனியாப் பிரிச்சுட்டா மத்த மூணும் சுளுவா உள்ள போயிரும். பொறகு அதையும் விட்டு, உள்ளயே வெச்சு ஒட்டிக்கலாம்."

வாணி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கிரைண்டரை எடுத்து, பிளக்கைச் செருகி, அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க அறுக்கலீங்களா?"

"ஒட்டினது நீங்க."

அவர் சாக்பீஸால் கோடு போட்டார். இப்போது கோடு நேராக வந்தது, அதில் ஒரு கர்வம்கூட இருந்தது. கிரைண்டரை ஓட விட்டார். தகரக் கொட்டகை அதிர்ந்தது. பிளேடைக் கோட்டின் மேல் கொண்டுபோனார்.

கோடு விழுந்திருந்தது அந்த 'ம்' வாங்கிய ஒட்டின் மேல். சின்னச் சின்னச் செதிலாக, ஒன்றின் மேல் ஒன்று படிந்து, ஒரே சீராக ஓடியிருந்தது. அதற்கு முன் ஏழு முறை ஒட்டி ஏழு முறை ஓட்டை விழுந்திருந்தது. எட்டாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டியது.

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. கை இறங்கவில்லை.

நிறுத்தினார்.

"என்னாச்சுங்க சார்?"

"நல்லா ஒட்டியிருக்குது."

"ஆமாங்க."

"அறுக்க மனசு வர மாட்டேங்குது."

"மனசை விடுங்க. அறுத்தீங்கன்னு வெச்சுக்கங்க, உள்ளயும் போயிருச்சு. அங்க வெச்சு ஒட்டறது யாரு? உங்க கை அந்த இடுக்குல போகுமா?"

வெங்கிடுபதி இடுக்கைப் பார்த்தார். போகாது.

"மொதல்லயே தனித்தனியா செஞ்சிருந்தா அது ஒரு மாதிரி" என்றாள் வாணி. "ஒட்டிப் பொழங்கறதைப் பிரிச்சுக் கொண்டுபோனா, அது உள்ள போன பொறகு எதுக்குங்க ஆகும்?"

ஹெட்டரைப் பற்றித்தான் சொன்னாள். வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் வெங்கிடுபதி கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். லோகநாயகி கொடுத்தனுப்பிய தயிர்ச்சோறு தூக்கில் அப்படியே இருந்தது.

*

மணி மூன்றானது.

"வேற என்னதான் வழி? நீங்களே சொல்லிப்போடுங்க அம்மணி."

"இந்தக் கூட்டுக்குள்ள எதெல்லாம் அசையும், எதெல்லாம் அசையாது?"

"பைப்பு அசையும். மத்தது எதுவும் அசையாது."

"ஸ்டியரிங் ராடு?"

"அது கழட்டியாச்சு."

"சட்டம்?"

"வெல்டு வெச்சது. எப்படி அசையும்?"

"எஞ்சினு?"

வெங்கிடுபதிக்குச் சுருக்கென்றது. "எஞ்சினா? அதை வெக்க மூணு வாரம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதுங்க. அரை மில்லி பிசகு இல்லாம உக்கார வெச்சிருக்கறேன். இந்த வண்டியில எல்லாத்துக்கும் அதுதானுங்க ஆதாரம். பைப்புதான் எஞ்சினுக்குத் தக்கன வரோணும். பைப்புக்காக எஞ்சினு நகருமா?"

வாணி எழுந்து வந்தாள். குனிந்து எஞ்சினின் காலடியில் விரலை வைத்தாள்.

"இது என்னங்க?"

"போல்ட்டு."

"மொத்தம் எத்தனை?"

"இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, பின்னால ஒண்ணு."

"போல்ட்டு எதுக்குங்க?"

"இதென்ன கேள்வி? இறுக்கறதுக்கு."

"இறுக்கறதுக்கு மட்டுந்தான்னா வெல்டு வெச்சிருக்கலாமே?"

சொல்லிவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நடந்தாள். நடக்கும்போது அந்த வளையல் மணிக்கட்டில் மேலும் கீழும் ஓடி ஓடி வந்தது.

வெங்கிடுபதி தனியாக எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கையில் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

அவளுடைய கை ஞாபகம் வந்தது. முட்டிகள் சரிந்தது ஞாபகம் வந்தது.

முதல் போல்ட் லேசில் அசையவில்லை. அவரே இறுக்கியது, இறுகாமல் இருக்குமா? காலை ஊன்றி, பல்லைக் கடித்து, முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினார். 'கிரீச்' என்று ஒரு சத்தம். காதுக்குள் எதுவோ அறுந்த மாதிரி அவருக்கு இருந்தது. ஆனால் எதுவும் அறுந்துவிடவில்லை. போல்ட் கால் சுற்றுச் சுற்றியிருந்தது.

டீயோடு வந்த வாணி பார்த்துவிட்டுச் சொன்னாள். "முழுசாக் கழட்ட வேண்டாமுங்க. தளர்த்தினாப் போதும்."

*

எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து, பலகைக்கு அடியில் ஜாக்கி வைத்து, வாணி கைப்பிடியை மிதித்தாள். எஞ்சின் ஒரு விரற்கடை எழுந்தது. பிறகு இன்னொரு விரற்கடை. வாணி தோளைக் கொடுத்து அதை லேசாக அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"இப்ப விடுங்க சார். கீழிருந்து."

வெங்கிடுபதி மல்லாக்கப் படுத்து ஹெட்டரை ஏற்றினார். முன்பு நின்ற இடத்துக்கு வந்தது. ரெண்டு நூல் பற்றாமல் இருந்த இடம். இப்போது அங்கே இடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நாலு பைப்பும் ஒன்றாக ஏறிப் போய் எஞ்சினின் நாலு வாயிலும் நின்றன. அவர் தள்ளக்கூட இல்லை. தாங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மேலிருந்து துரு உதிர்ந்தது என்று துடைத்துக்கொண்டார். புது வண்டியில் ஏது துரு என்று வாணி கேட்கவில்லை.

எட்டு நட்டு போட வேண்டும். பழைய பழக்கம், முதல் நட்டைப் போட்டதும் ஸ்பேனரால் இறுக்கினார். எட்டாவது நட்டுக்கு ஓட்டை நேராக வரவில்லை.

"எல்லாத்தையும் மொதல்ல கையில போடுங்க" என்றாள் வாணி. "ஒண்ணை மட்டும் முறுக்கினா மத்ததெல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கும்."

முதல் நட்டைத் தளர்த்தினார். எட்டும் கையாலேயே ஏறின. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி, இறுக்கினார்கள்.

வாணி ஜாக்கியை இறக்கினாள். எஞ்சின் மெதுவாகக் கீழே வந்து தன் காலில் உட்கார்ந்தது. வெங்கிடுபதி ஐந்து போல்ட்டையும் முறுக்கிவிட்டு வெர்னியரை எடுத்தார். எஞ்சின் காலடியை அளந்தார். சட்டைப் பையிலிருந்த குறிப்பு நோட்டைப் பிரித்தார், பென்சிலை எடுத்தார்.

"எவ்வளவுங்க?"

"கால் மில்லி தள்ளி உக்காந்திருக்குது."

"எஞ்சினுக்கு ஏதாச்சும் கொறைஞ்சு போச்சுங்களா?"

அவர் எஞ்சினைப் பார்த்தார். அதே எஞ்சின். அதே இடம். பக்கத்தில் நாலு பைப்பு.

"ஒண்ணும் கொறையல" என்றார். எழுதாமல் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். எட்டு மாதத்தில் அவர் அளந்து எழுதாமல் விட்ட முதல் அளவு அது.

*

போனை எடுத்துப் பார்த்தார். மணி நாலு அம்பது. லோகநாயகி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

'ஸ்டேஷனுக்குப் போயிட்டாங்களாம்.'

கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தாரிணியின் நம்பரை அழுத்தினார். என்ன சொல்வது என்று மகளுக்காக ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்கள்.

"சார், வணக்கம்." ஒரு ஆண் குரல். ரொம்பப் பதமாகப் பேசியது. "தாரிணி பாத்ரூம் போயிருக்கா. போன் என்கிட்ட இருந்தது, உங்க பேரைப் பார்த்துட்டு எடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க. ஒரு நிமிஷம் இருங்க சார், அவ வந்ததும் தர்றேன்."

ரெண்டு வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. பின்னால் ஸ்டேஷன் இரைச்சல். தயார் செய்த வாக்கியம் இந்தக் குரலுக்குப் பொருந்தாது. வேறு வாக்கியம் அவரிடம் இல்லை.

வாணி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு குழாயடியில் கை கழுவினாள். வளையலைக் கழற்றாமலே, அதைத் தள்ளித் தள்ளிவிட்டு, அடியிலும் சோப்புப் போட்டாள்.

"வேண்டாம், அவகிட்டக் குடுக்க வேண்டாமுங்க" என்றார் வெங்கிடுபதி. கனைத்துக்கொண்டார். "மாப்பிள்ளைங்கதானே பேசறது?"

அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு ரயில் வருவதாக அறிவித்தார்கள்.

"ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க. ரயிலை விட்டுருங்க. உங்களுக்கு நம்ம ஊட்டுக்கு வழி தெரியுமுங்களா?"



"தெரியாது மாமா."

"அங்கயே இருங்க. நான் வர்றேன்."